முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சொல்

ஒரே ஒரு சொல்தான் பாக்கி. முப்பத்தேழாம் பக்கம், இரண்டாவது பத்தி. முந்தைய வாக்கியம் முடிந்துவிட்டது, பிந்தைய வாக்கியமும் தயார், இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருக்கிறேன், அதில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது, காலையிலிருந்து துடிக்கிறது. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டரைக்குள் அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சார் படித்துக் கையெழுத்துப் போடுவார், போட்டால் நாளைக் காலை பத்தரைக்கு ஆய்வுக்குழுவின் முன்னால் வைக்கலாம், போடாவிட்டால் அடுத்த குழு ஆறு மாதம் கழித்துத்தான், அதற்குள் என் பதிவுக்காலம் முடிந்துவிடும். அப்புறம் நீட்டிப்பு, விளக்கம், மீண்டும் விளக்கம். இந்த ஆராய்ச்சியாளர் அறையில் ஆறு மேஜை இருக்கிறது, நாலுதான் உருப்படி, மேலே மின்விசிறி சுற்றுகிறது, அதன் காற்றில் தாள் ஓரங்கள் எழுந்து எழுந்து படுக்கின்றன. எழுதியிருப்பது இது: விசைத்தறிப் பட்டறைகளின் இரைச்சலும் தொழிலாளர்களின் கேட்புத்திறனும் குறித்து ஞானசிகாமணி 2009இல் செய்த ஆய்வே இத்துறையின் முதல் விரிவான ஆய்வாகும். வெள்ளை. பட்டறைகளில் தார் சுற்றும் பெண்களின் கேட்புத்திறன் இதுவரை ஆராயப்படவில்லை. அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். தார் சுற்றுவது என்றால் தறியின் நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுவது. ஞானசிகாமணி என்பவர் என் நெறியாளர். இந்தத் தாழ்வாரத்தின் கடைசி அறையில் இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் என்று போடலாம். போட்டுப் பார்த்தேன், அழித்தேன், மறுபடி போட்டேன். ஆனால் என்றால் சண்டை. அம்மா சண்டையை அந்தச் சொல்லில்தான் தொடங்குவாள், அப்பா ஏதாவது சொல்லி முடித்ததும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, ஆனா ஒண்ணு, என்பாள், அப்பா உடனே வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுவார். ஆய்வேட்டில் ஆனால் போட்டால் முன்னால் சொன்ன புகழ்ச்சி எல்லாம் பொய் என்று ஆகிவிடுகிறது, நல்ல மனுஷர், ஆனால், என்று யாரையாவது சொன்னால் அந்த ஆளைப் பற்றி என்ன மிச்சம் இருக்கிறது. குணாளன் ஆனால் போட்டான். எனக்கு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவன், பக்கத்துத் துறை, அவனுடைய நெறியாளரின் புத்தகத்தைப் பற்றி எழுதும்போது, ஆனால் இந்நூல் முக்கியமான பகுதியைக் கண்டுகொள்ளவில்லை, என்று எழுதிவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் பயங்கரம். அத்தியாயம் திருத்தம் இல்லாமல், கையெழுத்து இல்லாமல், பதினாலு மாசம் அந்த நெறியாளரின் மேஜை மேலேயே இருந்தது. கேட்கப்போனால், பாக்கறேன்ப்பா, பாத்துட்டிருக்கேன்ப்பா. இப்போது அவன் பைபாஸ் பக்கம் ஒரு டைல்ஸ் கடையில் நிற்கிறான், போன மாதம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், சுவரில் சாய்த்து வைத்த பளபளப்பான ஒரு கல்லை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஏன் திருப்பினேன், அவன் என்னைப் பார்க்கவே இல்லை. என் சார் அப்படி இல்லை. அப்படி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும். நாலு வருஷமாக அவரிடம் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை, சொல்லாத ஆளிடம் ஒருவர் நல்லவராக இருப்பது என்ன கணக்கு. என்னைச் சேர்த்துக்கொண்டவர் அவர். தமிழிலேயே எழுதறேன் சார் என்றபோது, எழுதும்மா, உன் ஊர்க்காரங்க படிக்கற மாதிரி எழுது, என்று சொன்னவர். அவருடைய அந்த ஆய்வு வந்த பிறகுதான் எங்கள் ஊர் மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் காது பார்க்க ஆள் வந்தார்கள். அந்த ஆய்வைத்தான் இப்போது நான் ஒரு சொல்லால் தொடப்போகிறேன்.

எனினும். இது வணங்கிக்கொண்டு வரும் சொல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு, கேட்டதற்கே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிற சொல். இருப்பினும் அதற்குத் தங்கச்சி. இருந்தபோதிலும் என்பதோ தாழ்வாரம் மாதிரி நீளம், முடிவதற்குள் எதற்காக வந்தோம் என்று மறந்துவிடும். அதேவேளையில் என்று போட்டால் ஒன்றும் சொன்ன மாதிரி இருக்காது, எனக்கு வேண்டியதும் அதுதானோ, ஒன்றும் சொல்லாமல் சொல்லிவிட்டு ஓடிவிடுவதுதானோ. எதிர் மேஜை பெனாசிர் என்னோடு சேர்ந்தவள், முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதுகிறாள், டிபன் டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டே என் திரையை எட்டிப் பார்த்தாள். இன்னுமா அந்த ஒரு வார்த்தை? ஆமாடி. எனினும் போட்டுட்டு எந்திரி பிள்ளை, நூத்துக்குத் தொண்ணூறு பேரு அதான் போடறாங்க, கமிட்டில எவரு அந்த வார்த்தையப் படிக்கப்போறாரு? சார் படிப்பாரு. படிச்சா? படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலைன்னா, என்றேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். குணாளனை அவளுக்கும் தெரியும். மேகலா, என்றாள், நீ தப்பா ஒண்ணும் எழுதல, செய்யாதத செய்யலைன்னு எழுதற. செய்யாததை என்று அவள் சொன்னபோது கதவைப் பார்த்தேன், திறந்திருந்தது, தாழ்வாரத்தில் யாரோ நடக்கிற நிழல். காவலாளிதான். சாவிக்கொத்தோடு போனார்.

சாவிக்கொத்து சத்தம் எனக்குக் கேட்டதா. இடுப்பில் ஆடியது, ஆடினால் சத்தம் வரும், வந்திருக்கும். நான் பார்த்தேன், கேட்டேனா என்று தெரியவில்லை. இந்த எண்ணம் வந்தால் போகாது. வரவிடக் கூடாது. முன்னோட்டச் சோதனைக்குப் போனபோது பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டா அமுக்குங்கக்கா, கொஞ்சமாக் கேட்டாலும் அமுக்குங்க, என்று சொல்வேன். காது மருத்துவரிடம் ஆறு மாதம் போய்க் கற்றுக்கொண்டது. மெல்லிய கீச்சு ஒலியில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இருபது டெசிபல், முப்பது, நாற்பது. முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் என் முகத்தைப் பார்த்து அமுக்கிவிடுவார்கள், பட்டறைப் பெண்கள் அப்படித்தான், சின்ன வயசிலிருந்து உதட்டைப் பார்த்தே பேசியவர்கள், கண்ணாலேயே கேட்பவர்கள். பதினேழாவது ஆள் பாவாயி. வயது ஐம்பத்தைந்து, தார் சுற்றும் வேலை, இருபத்தாறு வருஷம். பாவாயி என்பது என் அம்மா. ஐம்பது வைத்தேன். கை அசையவில்லை. அறுபது வைத்தேன். அறுபத்தைந்து. ஹெட்போனுக்கு வெளியே எனக்கே அந்தக் கீச்சு கேட்கிற மாதிரி இருந்தது, அம்மா பொத்தானைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அப்புறம் மெதுவாகத் திரும்பிச் சிரித்துக்கொண்டே கேட்டாள். இன்னும் ஆரம்பிக்கலியா கண்ணு?

அந்தக் கேள்விக்கு நான், இதோ ஆரம்பிக்கறேன்மா, என்றேன். பொய். அப்போது எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். அன்றைக்கு இருபத்திரண்டு பேருக்குச் சோதனை செய்தேன், கருவியை உறையில் வைத்து மூடும்போது உதவிக்கு வந்த நர்ஸ், நீங்களும் ஒருதரம் மாட்டிப் பாருங்களேன், இதே ஊருதானே, என்றாள். நேரமாச்சு என்றேன். நான் பிறந்ததே பட்டறைக்கு அடுத்த சுவரில். பதினோரு வயசு வரைக்கும் தார் மெஷினுக்குக் கீழே சாக்கில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன், நாடா அடிக்கிற அடியில் சிலேட்டுக்குச்சி தன்னால் உருளும், அந்த இரைச்சல்தான் எனக்கு வீடு, விடுதிக்கு வந்த முதல் நாள் சத்தமே இல்லாத அறையில் தூக்கம் வராமல் பயந்து கிடந்தேன். இப்போது கொசு காதோரம் வந்தால் பெனாசிர் கையை வீசுகிறாள், எனக்குக் கடித்தால்தான் தெரிகிறது. அவளுக்குப் பாம்புச்செவி என்று வைத்துக்கொள்ளலாம். போனில் வலது காதை விட்டு இடது காதில் வைக்க எப்போது பழகினேன். தெரியாது. ஒருவேளை எப்போதும் இடதுதானோ. விடு. எழுது. மணி பதினொன்று நாற்பது. ஒரு சொல். எனினும் என்று தட்டச்சு செய்தேன், காற்புள்ளி வைத்தேன், முடிந்தது, எழுந்துவிடு. எழவில்லை.

பக்க எண் ஒன்று சரிபார்க்க வேண்டியிருந்தது, அதனால்தான் எழவில்லை என்று சொல்லிக்கொண்டேன். சாருடைய ஆய்வேட்டின் பழைய மூலப்பிரதியை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன், இத்தனை நாள் புத்தகமாக அச்சான வடிவத்தைத்தான் படித்திருக்கிறேன், புத்தகத்தில் பின்னிணைப்புகள் கிடையாது. நீல அட்டை, முதுகில் பொன்னெழுத்து, உள்ளே ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை ஒன்று எழுபது பக்கத்துக்கு நேராகப் போகிறது. பின்னிணைப்பு நான்கு, ஆய்வுக்குட்பட்ட பட்டறைகளின் பட்டியல். எண், தெரு, தறிகளின் எண்ணிக்கை, சோதிக்கப்பட்டோர், குறிப்பு. நான் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன், கண் தன்னால் போய் இருபத்துமூன்றாவது வரியில் நின்றுவிட்டது, வாய்க்கால்மேட்டுத் தெரு, தறிகள் எட்டு. வாய்க்கால்மேட்டுத் தெருவில் எட்டுத் தறி போட்ட பட்டறை ஒன்றே ஒன்றுதான், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியது. சோதிக்கப்பட்டோர் ஆறு. குறிப்பு: உதவியாளர் பெண்கள் நால்வர், சேர்க்கப்படவில்லை. தேதி 2008 ஜனவரி. அந்த நால்வரை எனக்குத் தெரியும். சின்னப்பொண்ணு அக்கா, மயிலாத்தா, அவள் கொழுந்தி ஒருத்தி, பெயர் வரவில்லை, அப்புறம் அம்மா. வேறு யாரும் அங்கே தார் சுற்றவில்லை.

முதலில் கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வந்தது குளிர். மதியம் பன்னிரண்டு மணிக்கு, சேலம் வெயிலில், விரல் நுனி எல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. அவர் அங்கே வந்திருக்கிறார். கருவிப் பெட்டியோடு அந்த வாசலில் தலையைக் குனிந்து நுழைந்திருக்கிறார், அந்த வாசல்நிலை தாழ்வு, உயரமானவர் குனியாமல் நுழைய முடியாது. எனக்கு அப்போது பதினாலு வயசு. அன்றைக்கு நான் அங்கே இருந்தேனா? பேண்ட் போட்ட ஒரு ஆள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அம்மா தார் மெஷினை விட்டு எழுந்து எட்டிப் பார்ப்பது தெரிகிறது, இதெல்லாம் நினைவா, அல்லது இந்த வரியைப் படித்த இந்த இரண்டு நிமிஷத்தில் நானே செய்ததா, பிரிக்க முடியவில்லை. அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு. அப்போது ஒரு பொத்தானைக் கையில் கொடுத்திருந்தால் அமுக்கியிருப்பாளோ. நாற்பதில் அமுக்கியிருப்பாளோ. காதில் பஞ்சாவது வை என்று யாராவது சொல்லியிருப்பார்களோ. பட்டியலின் கடைசிப் பத்தியை முழுக்கக் கீழே இறங்கிப் பார்த்தேன். அறுபத்தோரு பட்டறை. உதவியாளர் பெண்கள் மூவர், சேர்க்கப்படவில்லை. ஐவர், சேர்க்கப்படவில்லை. இருவர், சேர்க்கப்படவில்லை. பென்சிலால் கூட்டினேன், இரண்டு தரம் கூட்டினேன், நூற்று நாற்பத்துமூன்று.

அப்படியென்றால் என் வாக்கியம் பொய். இதுவரை ஆராயப்படவில்லை என்று எழுதியிருக்கிறேன், யாருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் கிடந்த விஷயம் மாதிரி, நான் விளக்கு எடுத்துப் போய்க் கண்டுபிடித்த மாதிரி. அவர்கள் மூலையில் இல்லை. பார்த்திருக்கிறார்கள், எண்ணியிருக்கிறார்கள், எண்ணிக்கையை எழுதிவிட்டுப் பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். முதல் அத்தியாயத்துக்குத் திருப்பினேன், வரையறைகள், தொழிலாளர் என்பது இவ்வாய்வில் தறி ஓட்டுபவரைக் குறிக்கும். தறி ஓட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒரே வரி. பதினாறு வருஷமாக எல்லாரும் இந்த வரையறையை மேற்கோள் காட்டுகிறார்கள், நானே போன வருஷம் ஒரு கட்டுரையில் காட்டினேன், காட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கினேன். இனி எனினும் எப்படிப் பொருந்தும். எனினும் என்றால் அந்த ஆய்வு இருந்தும் இந்தப் பெண்கள் விட்டுப்போனார்கள் என்று ஆகும். நடந்தது அப்படி இல்லையே, அந்த வரையறை இருந்ததால்தானே விட்டுப்போனார்கள். ஆனால் போட்டாலும் அதே தப்புத்தான். வேண்டிய சொல் வேறு, அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், மேஜைக்குள்ளிருந்து ஏதோ வெளியே வந்துவிட்ட மாதிரி. ஆகவே. கணக்குப் பாடத்தில் கடைசி வரியில் வருகிற சொல். ஆனால் என்பதில் சண்டைதான் இருக்கிறது, சண்டையில் சமாதானத்துக்கு இடம் உண்டு. ஆகவே என்பதில் தப்பிக்க வழியே இல்லை. எழுத வேண்டாம். யாருக்கும் தெரியாது. இந்த நீல அட்டையைக் கடைசியாக யார் எடுத்தார்கள் என்று பார்த்தேன், சீட்டில் தேதியே இல்லை, யாரும் எடுத்ததில்லை. மூடி வைத்துவிட்டால் முடிந்தது. மூடினேன். மூடிய அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னடி மூஞ்சி வெளுத்துப்போச்சு, என்றாள் பெனாசிர், ஒண்ணுமில்ல, என்றேன், கை தன்னால் திறந்தது. அடித்தேன். இவ்வாய்வில் தறி ஓட்டுபவர் மட்டுமே தொழிலாளர் என வரையறுக்கப்பட்டனர். ஆகவே, அதே பட்டறைகளில் தார் சுற்றிய நூற்று நாற்பத்துமூன்று பெண்கள் எண்ணப்பட்டனர், சோதிக்கப்படவில்லை. யோசிக்க நேரம் கொடுத்தால் அழித்துவிடுவேன் என்று உடனே அச்செடுத்தேன். மணி பன்னிரண்டு பதினெட்டு.

சார் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வாம்மா, உக்காரு, என்றார், பையை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார், கிளம்பத் தயாராக. அத்தியாயத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வேகமாகப் புரட்டினார், அவர் புரட்டுகிற ஒவ்வொரு தாளுக்கும் நான் மூச்சை உள்ளே இழுத்தேன், வெளியே விட்டேனா என்று தெரியவில்லை. முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழில் கை நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு தாளைக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். என்னவோ கேட்டார். குனிந்தபடி தாளுக்குள்ளேயே கேட்டார், உதடு தெரியவில்லை. சார்? என்றேன். மறுபடி சொன்னார், மறுபடியும் எனக்கு ஏசிதான் கேட்டது. மன்னிச்சுக்குங்க சார், என்ன கேட்டீங்க? அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் முகத்தை இல்லை, காதைப் பார்த்த மாதிரி இருந்தது, ஒரு நொடிதான். பிறகு சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். நூத்தி நாப்பத்திமூணு எங்கிருந்து வந்துச்சு?

உங்க பின்னிணைப்பு நாலுல இருந்து சார். நான் கூட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். நான் கூட்டவே இல்ல, என்றார். தாளை மேஜையில் வைத்தார். குணாளனின் அத்தியாயம் பதினாலு மாசம் கிடந்தது இப்படி ஒரு மேஜையில்தான், எனக்கு இந்த மேஜையின் ஒவ்வொரு கீறலும் அப்போது தெரிந்தது, பேனா ஸ்டாண்டு, காய்ந்த ஒரு எலுமிச்சம்பழம், பூட்டு இல்லாத இழுப்பறை. பட்டறைக்காரங்க சொன்னாங்க, என்று திடீரென்று ஆரம்பித்தார், இவங்க சும்மா கூடமாட இருக்கறவங்க சார், நீங்க ஆம்பளைங்களப் பாருங்கன்னு. நானும் எழுதிக்கிட்டேன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பட்டறை முடிக்கணும்னு அவசரம். எனக்கு அப்ப அது தப்பாவே தெரியல. இருபத்துமூன்றாவது பட்டறையில் எங்கள் அம்மா இருந்தாள் என்று சொல்லலாமா, வாய் வரைக்கும் வந்தது, சொன்னால் இந்த வரி அம்மாவுக்காக எழுதினதாக ஆகிவிடும், மற்ற நூற்று நாற்பத்திரண்டு பேர் மறுபடியும் வெளியே போய்விடுவார்கள், அதனால் விழுங்கினேன். அவர் பேனாவைத் திறந்தார். ஆகவே என்ற சொல்லின்மேல் முனையைக் கொண்டுபோனார். அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

இது எதுக்குச் செயப்பாட்டு வினை? என்றார். கண்ணைத் திறந்தேன். சோதிக்கப்படவில்லைன்னு எழுதியிருக்க. தானா சோதிக்கப்படாமப் போச்சா? யாரு சோதிக்கல? அவர் அந்தச் சொல்லை ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே தன் கையெழுத்தில் எழுதினார், நீல மையில், சற்றுச் சாய்வாக. ஆய்வாளர் சோதிக்கவில்லை. ஆகவே அப்படியே இருந்தது, அதைத் தொடவே இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கிக் கொடுத்தார். நாளைக்குக் கமிட்டில யாராவது இதைப் பிடிப்பாங்க, என்றார், என் பழைய சிநேகிதங்க ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்குக் கோபம் வரும். நான் பக்கத்துலதான் இருப்பேன். ஆனா உனக்காகவும் பேச மாட்டேன், எனக்காகவும் பேச மாட்டேன். நீதான் பேசணும், புரியுதா? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போய்விட்டார், அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

பெனாசிர் தாழ்வாரத்திலேயே நின்றிருந்தாள். போட்டாரா? போட்டாரு. அப்புறம் ஏண்டி இப்படி நிக்கற? நாளைக்கு நான் பேசணும்டி, அந்த வரிக்கு நான்தான் பதில் சொல்லணும், அவரு பக்கத்துல உக்காந்திருக்கறப்ப. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை வேர்த்திருந்தது, அல்லது என் கை. நேரே நகல் எடுக்கிற கடைக்குப் போனோம். எத்தனை காப்பி, என்று கேட்டாள் கடைக்காரப் பெண். ஆறு, குழுவில் ஆறு பேர். அந்தப் பக்கத்தை மறுபடி அடிச்சுக் கொடுத்தா சுத்தமா இருக்குமே, பேனாத் திருத்தம் நகல்ல அசிங்கமாத் தெரியுமே, என்றாள் அவள். வேண்டாம், அப்படியே எடுங்க, என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல. இயந்திரத்தின் கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் போய்ப் போய் வந்தது. முதல் முப்பத்தேழாம் பக்கம் வெளியே விழுந்தபோது எடுத்துப் பார்த்தேன், என் அச்செழுத்தும் அவருடைய கையெழுத்தும் ஒரே கறுப்பில் வந்திருந்தன, எது யாருடையது என்று சாய்வைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது. இனி அந்தச் சொல்லை மாற்ற முடியாது, மாற்ற முடியாது என்று ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தரம் நினைத்தேன், ஆறையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபோது தாள்கள் சூடாக இருந்தன, நாளைக் காலை பத்தரைக்கு இன்னும் இருபத்தோரு மணி நேரம் இருந்தது.